ஜீப்பின் உள்வர்ணம்

வெளி வர்ணத்தைப் பற்றி மனிதர்களுக்கு இருக்கும் கவலையில் நாலில் ஒரு பங்குகூட உள் வர்ணத்தைப் பற்றி இருப்பதில்லை. வீடானாலும் வாகனமானாலும், தெருவில் போகிறவர் கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென்றே பணத்தைச் செலவிடுகிறோம். உள்ளே உட்கார்ந்து வெந்து வேர்ப்பவர்கள் நாம்தான் என்பதை மறந்து விடுகிறோம். நமது பழைய ஜீப் வண்டிக்கு உள்வர்ணம் மாற்றிய விருத்தாந்தத்தை நேயர்களுக்குச் சொல்லத் துணிந்ததற்கு இதுவே காரணம்.

நாம் வசிக்கும் மண்டகப்பட்டு, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள சிறு கிராமம். சரித்திரத்தில் அதன் ஸ்தானம் சிறியதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பாறையைக் குடைந்து பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி ஆக்கிய கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. அம்மன்னனுக்கு விசித்திரசித்தன் என்று ஒரு விருது. சித்திரகாரப்புலி என்று மற்றொன்று. நமது ஜீப்பைச் செய்த கம்பெனியின் பெயரோ மஹீந்திரா! “சித்திரகாரப்புலியின் ஊரில், அவன் பெயரைத் தாங்கிய வண்டி பாசி பிடித்த குளம் மாதிரி நிற்கலாமா, அப்பா?” என்று நம் புதல்வன் கேட்டபோது, நம்மால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

ஜீப் என்பது இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி. 1945-ல் மஹீந்திரா சகோதரர்கள் இருவரும் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாகக் கம்பெனி தொடங்கினார்கள். 1947-ல் தேசம் பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியானார்; 1948-ல் கம்பெனி மஹீந்திரா அண்டு மஹீந்திரா ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து உறுப்பு உறுப்பாக வந்திறங்கியவற்றைப் பம்பாயில் பூட்டியது போய், படிப்படியாக வண்டி முழுவதையும் இங்கேயே செய்யத் தலைப்பட்டார்கள். போர்க்களத்துக்குப் பிறந்த வாகனம், சுதந்திர பாரதத்தில் அம்மை குத்துபவரையும் வாக்குப் பெட்டியையும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றது. அதன் உடம்பிலிருந்த பச்சை மட்டும் பட்டாளத்து ஞாபகமாகப் பல வண்டிகளில் தங்கிவிட்டது.

நமது வண்டியும் அப்படிப்பட்டதே. ஒரு சர்க்கார் ஆபீஸில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்ததை நமது தகப்பனார் 1998-ல் எடுத்தார். உள்ளே தரை, பக்கத் தகடு, டாஷ்போர்டு எல்லாம் கரும் பச்சை; ஆசனங்களுக்குக் கறுப்பு ரெக்ஸின். இக்காலத்துக் கார்களைப் போல் தகட்டை மறைக்கும் மெத்தை இதில் கிடையாது. வெளிறிய நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கரிய நிறம் உறிஞ்சிக்கொள்ளும். அக்கினி நட்சத்திரத்தில் செஞ்சிச் சந்தைக்குப் போய் வந்தால், நமது தாயார் ஈரத் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டியிருந்தது.

சந்தன நிறம் பூசலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. தமையனார் மட்டும் இசையவில்லை.

“அப்பா பார்த்த நிறமடா அது. அதையும் சுரண்டிவிட்டால் வண்டியில் அவருடையது என்ன மிஞ்சும்?” என்றார்.

நாம் செஞ்சிக் கோட்டையைச் சாட்சிக்கு அழைத்தோம். “நாயக்கர்கள் கல்யாண மஹால் கட்டினார்கள். 1677-ல் சிவாஜி வந்தார். 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் உள்ளே மாற்றினார்கள். கோட்டை கோட்டையாகத்தானே இருக்கிறது, அண்ணா? 2025-ல் யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னமென்று ஏற்றுக்கொண்டு விட்டதே!”

“அவர்களெல்லாம் கோட்டையைப் பிடித்தவர்கள். நீ மகன்” என்றார் அண்ணா. அதற்கு மேல் நாம் வாதாடவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனப் பதிவு விண்ணப்பத்தில் கேட்பது வண்டியின் உடல், மட்கார்டு, முன்பக்கம் ஆகியவற்றின் நிறமே. வெளி நிறத்தை மாற்றினால் பதிவுப் புத்தகத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஆசனத்துக்கும் டாஷ்போர்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

வண்டி பெயிண்டரின் கொட்டகைக்குப் போயிற்று. “பூசுறது ஒரு நாள் வேலைங்க ஐயா. சுரண்டுறதுக்குத்தான் ஒரு வாரம் வேணும்” என்றார் அவர். ஆசனங்களையும் ரப்பர் விரிப்பையும் எடுத்ததும் அதன் உண்மை விளங்கிற்று. விரிப்பின் அடியில் தேங்கிய நீர் தரையில் இரண்டு இடங்களைத் தின்றிருந்தது. அங்கே டிங்கரிங் செய்து புதுத் தகடு வைத்தார்கள். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைப் போக்கி, ரெட் ஆக்ஸைடு அடித்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்தார்கள். பிறகே வர்ணம். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் தகட்டில் பூசினால் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடுமாம்.

டாஷ்போர்டின் மேல்தளத்தை மட்டும் பளபளப்பில்லாத கறுப்பாகவே விடச் சொன்னார் பெயிண்டர். அங்கே வெளிர் நிறம் பூசினால் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து பாதையை மறைக்கும். ரெக்ஸின்மேல் சாதாரண பெயிண்டு பூசினால், மடங்குகிற இடத்தில் வெடிக்கும். ஆகையால் புது உறையே தைத்தோம். ரெக்ஸின் என்பது மான்செஸ்டருக்கு அருகிலிருந்த ஓர் ஆங்கிலக் கம்பெனியின் சரக்குப் பெயர். அந்நியத் துணியை எரித்த தேசத்தில் அந்தப் பெயர் இன்றும் நாற்காலிதோறும் வீற்றிருக்கிறது! நாம் கெட்டியான கைத்தறித் துணியில் தைத்துக்கொண்டோம். கழற்றித் துவைக்கலாம்; சுடுவதில்லை.

ஐந்தாம் நாள், வேண்டா வெறுப்பாக அண்ணாவும் கொட்டகைக்கு வந்தார். டாஷ்போர்டிலுள்ள சிறு பெட்டியின் மூடியைப் பெயிண்டர் திறந்து காட்டினார். உட்புறத்தில் ஆணியால் கீறிய எழுத்துக்கள். எண்ணெய் மாற்றிய தேதிகள், வண்டி ஓடிய கிலோமீட்டர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தகப்பனாரின் சாய்ந்த கையெழுத்தில். கடைசி வரி 2011-ம் வருஷத்தது. அவர் காலமான வருஷம் அது.

“இதுக்கும் பட்டி போட்டு மூடிடட்டுங்களா, ஐயா?”

நாம் வாய் திறப்பதற்குள் அண்ணா சொன்னார்: “வேண்டாம், தம்பி. அந்த மூடியை விட்டுவிடு. மற்றதையெல்லாம் பூசிக்கொள்.”

இப்போது வண்டி சந்தன நிறத்தோடு ஓடுகிறது. தாயார் துண்டைக் கொண்டுவருவதில்லை. சந்தன நிறத்தில் அழுக்குச் சீக்கிரம் தெரிகிறது என்று சில நண்பர்கள் குறை கூறுகிறார்கள். தெரியட்டுமே! பச்சை நிறம் அழுக்கை மறைத்தது. கூடவே துருவையும் மறைத்தது. அடுத்த எண்ணெய் மாற்றிய தேதியை அந்த மூடியில், கடைசி வரிக்குக் கீழே, அண்ணாவே ஆணியால் கீறினார்.