பெருவிரல் மை

எங்கள் மகளிர் குழுவில் பதினைந்து பேர். கணக்கேடு எழுத அறிந்தவர்கள் நாங்கள் இருவரே. ஏனையோர் பெருவிரலில் மை தடவி ஒற்றிவிட்டு வீடு திரும்புவார்கள்.

அகமதாபாதில் சுயதொழில் மகளிர் சங்கமான ‘சேவா’ 1974-இல் கூட்டுறவு வங்கி தொடங்கியபோது, நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்தினார்கள். எழுத்தறியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற ஐயம் எழவே, அமைப்பாளர்களான பெண்கள் இரவெல்லாம் அமர்ந்து கையொப்பமிடப் பழகினார்களாம். இந்தக் கதையைப் படித்த பிறகுதான் எங்களுக்கும் ஆசை வந்தது.

எங்களுக்கு ஓரிரவு போதவில்லை. ஒரு மழைக்காலம் முழுதும் தேவைப்பட்டது. சேமிப்புப் பணம் வசூலித்தபின் அரைமணி நேரம் எழுத்துப் பழக்கம். தயிர் விற்கும் அக்கா பெயரை விட்டுவிட்டு முதலில் எண்களைக் கற்றார். (வியாபாரி அல்லவா!) ஒரு வெள்ளிக்கிழமை ஏட்டைப் புரட்டியவர், “ஏம்மா, நான் கட்டின இருநூறு ரூபா இதுல இல்லையே?” என்றார்.

அடுத்த வரியில், வேறொருவர் பெயரில் வரவாகியிருந்தது. எழுதியது நாங்கள்தாம். இப்படி எத்தனை பிழைகளின்மேல் இவர்கள் நம்பிப் பெருவிரல் ஒற்றினார்களோ!

இப்போது வரவு முழுவதையும் உரக்கப் படித்த பின்னரே கையொப்பம். படிப்பவர் அக்காதான். நிறுத்தி நிறுத்தித்தான் படிக்கிறார், நாங்கள் காத்திருக்கிறோம்.