எந்த வகுப்பில் ஓடுவது?

ஆசிரியத் தொழிலில் இருப்போர் காதில் ‘வகுப்பு’ என்ற சொல் விழுந்தால், கரும்பலகையும் வரவுப் பதிவேடும் நினைவுக்கு வருவதே இயல்பு. மோட்டார் கார்களுக்கும் வகுப்புகள் உண்டு. அங்கும் தகுதிக்கு மீறி மேல் வகுப்பிற் சேரத் துடிப்போர் உண்டு. அடக்கமாகக் கீழ் வகுப்பிலிருந்து பரிசை அள்ளிச் செல்வோரும் உண்டு. இதனை எமக்குக் கற்பித்தவன் எம் தமக்கையாரின் மகன்.

பழைய மஸ்தா எம்.எக்ஸ்.5 கார் ஒன்றை அவன் வாங்கினான். ஆசனங்கள் இரண்டே, தலைக்கு மேல் மடித்துவிடக் கூடிய துணிக் கூரை, 1,600 சி.சி. எஞ்சின். 1989 இல் வெளிவந்த இந்தக் கார், இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களுள் உலகில் மிகுதியாக விற்பனையானது என்ற பெயரைப் பெற்றது. 2016 இல் அதன் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது. நம் நாட்டிலோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகவே, பழங்கார்களெல்லாம் பவுன் விலைக்கு ஏறி நின்ற காலத்தில் வாங்கிய கார் இது. கொடுத்த தொகை முழுவதையும் அவன் தன் தாயாருக்கு இன்னும் சொல்லவில்லை. நாமும் சொல்லப் போவதில்லை.

கார் வந்த மூன்றாம் மாதம் அவன் எம்மிடம் வந்து, “மாமா, இதைப் போட்டியில் ஓட்டப் போகிறேன். எந்த வகுப்பில் பதிவது என்றுதான் விளங்கவில்லை. சட்டப் புத்தகம் வாசிக்க உங்களுக்குத்தான் பொறுமை இருக்கிறது” என்றான். மறுநாட் காலையிற் தமக்கையாரும் வந்தார். “தம்பி, நீ சொன்னால் அவன் கேட்பான். வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லிவிடு” என்றார். ஒருவர் வகுப்பைக் கேட்கிறார். மற்றவர் தடையைக் கேட்கிறார். எம் நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை மருமக்களும் தமக்கைமாரும் உள்ள வாசகர்கள் ஊகித்துக் கொள்வார்களாக.

தமக்கையாரின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டி நடைபெற்றது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த போட்டியாதலால், ஊவா மாகாணமே திரண்டு சென்றதுபோற் கூட்டம். தடத்தில் ஒரு கார் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்குமாறு பணியாளர்கள் மஞ்சட் சைகை காட்டினார்கள். அவ்வேளையிற் பின்னால் வந்த கார்களுள் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற இடத்துட் புகுந்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி; தடத்திற் பணி செய்தோர் நால்வர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மருமகன் அன்று அந்த மேட்டில் நின்றவர்களுள் ஒருவன். செய்தி பரவியபோது அவனது தொலைபேசி பதிலளிக்கவில்லை. மாலை ஆறு மணியளவில் புழுதி படிந்த சட்டையுடன் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வரை, தமக்கையார் பூசை அறையை விட்டு எழவில்லை. அன்று கண்டதைப் பற்றி அவன் பல மாதம் வாய் திறந்து பேசவும் இல்லை.

அத்தகையவன் போட்டிக்குப் போகிறேன் என்றால் தாயார் அஞ்சாது இருப்பாரா? ஆயினும் ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இருபத்தாறு வயதினனிடம் அச்சொல்லைச் சொன்னால், அவன் போட்டிக்குப் போகாமல் இருந்துவிடுவான் என்பது என்ன நிச்சயம்? பதுளை வீதியில் நள்ளிரவில் நண்பர்களோடு பந்தயம் கட்டி ஓடினாலும் ஓடுவான். அவ்வீதிகளில் வகுப்பும் இல்லை, மஞ்சட் கொடியும் இல்லை. பால் வாங்க வரும் கிழவரும் பள்ளிப் பிள்ளைகளும் பஸ்களுமே உண்டு. எனவே சட்டப் புத்தகங்களைத் திறந்தோம்.

போட்டிகளில் வகுப்பு எதற்கு? பெரிய காரும் சிறிய காரும் ஒரே ஓட்டத்திற் கலந்து, பணமுள்ளவனே வெல்லும் கேலிக்கூத்து நிகழாதிருப்பதற்கே. முதலாவதாகப் பார்ப்பது எஞ்சினின் கொள்ளளவு. 1,600 சி.சி. காரை 3,500 சி.சி. காரோடு நிறுத்துவது, எட்டாம் வகுப்பு மாணவனைப் பட்டப் பரீட்சைக்கு அனுப்புவது போன்றது. எஞ்சினில் டேர்போ பூட்டியவன் கொள்ளளவை மட்டும் காட்டித் தப்ப முடியாது. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் வழக்கப்படி டேர்போ பெற்ற பெற்றோல் எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆற் பெருக்குவர். அக்கணக்கில் 1,600 என்பது 2,720 ஆகிவிடும். டேர்போ வாங்குவதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த மருமகன் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சு விட்டான்.

நம் நாட்டிற் கார்களின் பெயராலேயே அமைந்த வகுப்புகளும் உண்டு. போர்ட் லேசரும் மஸ்தாவும் சேர்ந்து ஓடுவது ஒன்று. மினிக் கார்களுக்கு ஒன்று. நிசான் மார்ச் வகைக்கு ஒன்று. ஒரே இனக் கார்கள் ஓடும்போது செலவும் அடங்கும், திறமையும் வெளிப்படும் என்பது அவற்றின் நியாயம். மஸ்தா என்ற பெயரைக் கண்டதும் மருமகன் துள்ளினான். ஆனால் அவ்வகுப்பு, வீதிகளில் நாம் காணும் நாற்கதவுப் பழங்கார்களின் வழி வந்தது. இரட்டை ஆசனத் திறந்த கார் அங்கே பந்தி மாறி உட்கார்ந்த விருந்தாளியாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, கார் எவ்வளவு மாற்றப்பட்டிருக்கிறது என்பது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள கார் ஒரு வகுப்பு. சிறிது மாற்றியது இன்னொன்று. உள்ளாடைகளைக் களைந்தாற் போல் ஆசனம், கம்பளம், கண்ணாடி யாவற்றையும் கழற்றி எறிந்து, இரும்புக் கூடு பொருத்தியது வேறொன்று. இங்கேதான் இளைஞர் பலர் வழுக்கி விழுகின்றனர். ஓர் உறுப்பை மாற்றினால் அரை விநாடி மிச்சமாகும் என்று மாற்றுவார்கள். அந்த ஓர் உறுப்புக்காகவே கார் மேல் வகுப்புக்குத் தள்ளப்படும். அவ்வகுப்பிலோ மற்றவரெல்லாம் ஐம்பது உறுப்புகளை மாற்றியவர்களாக நிற்பார்கள். எதிலும் அரைகுறையாக நிற்பவனுக்கு அங்கே இடமில்லை.

டயர் விஷயமும் இத்தகையதே. அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் என்னும் அமைப்பு, திறந்த மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் கணிக்கும் ‘சோலோ’ என்ற போட்டியை நடத்துகிறது. அதில் சாதாரண வீதிக் கார்களுக்கான வகுப்பில் ஓட வேண்டுமாயின், டயரின் தேய்மான எண் இருநூறுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அந்த எண் டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறைய றப்பர் மென்மையாகிப் பாதையை நன்றாகப் பற்றும். ஆனால் விரைவில் தேய்ந்து போகும். மருமகன் கைவிளக்குடன் காரின் அடியிற் குனிந்து எண்ணைத் தேடிய காட்சியைப் பார்த்து, ‘காசைத் தொலைத்துவிட்டானோ’ என்று அயல் வீட்டார் விசாரித்தனர்.

இனி, எங்கே ஓடுவது என்ற கேள்வி. எமது ஹாலிஎலச் சந்தியில் நின்று பார்ப்போர்க்கு அக்கேள்வி கண்முன்னே வீதியாகக் கிடக்கிறது. பெரகலையிற் தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் வீதி இங்கே வந்து முடிகிறது. அதைப் பிடித்துச் சென்றால் தியத்தலாவை. மற்றையது பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாக வந்து பதுளைக்குச் செல்லும் நெடுவீதி. அதில் மேல்நோக்கிச் சென்றால் ஹக்கலையைத் தாண்டி நுவரெலியா.

தியத்தலாவைப் போட்டி கிரவலும் மண்ணும் நிறைந்த தடத்திற் பல கார்கள் ஒரே வேளையிற் புறப்பட்டு, முட்டி மோதி ஓடுவது. அதற்கு உயர்ந்து நிற்கும் காரும், இரும்புக் கூடும், உடைந்தாற் கவலைப்படாத நெஞ்சும் வேண்டும். நிலத்தோடு தாழ்ந்து கிடக்கும் ஸ்போர்ட்ஸ் காரை அங்கே கொண்டு செல்வது பட்டுச் சேலையுடன் நாற்று நடப் போவதற்கு ஒப்பாகும். 2024 இல் நடந்ததை நினையாமற் சொன்னாலும் அவ்விடம் இந்தக் காருக்கு ஏற்றதன்று. நினைத்துப் பார்த்தால் வேறு சொல்லவும் வேண்டுமோ?

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைப் போட்டியின் இலக்கணம் வேறு. 1934 இல் தொடங்கிய அந்த மலையேற்ற ஓட்டம், தேயிலைத் தோட்டத்தின் ஊடே ஏறும் வளைந்த பாதையில் நடப்பது. அந்நாளில் அது வெள்ளைக்காரத் துரைமாரின் ஏப்ரல் மாதப் பொழுதுபோக்கு. தோட்டப் பாதைகளை வெட்டிய கைகள் வேறு, அவற்றில் ஓடிப் பரிசு வாங்கிய கைகள் வேறு என்பதை இங்கே சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. நிற்க. மலையேற்றத்தில் ஒரு வேளையில் ஒரு காரே புறப்படும். முன்னால் முந்துவதற்கு எவருமில்லை. பின்னால் இடிப்பதற்கும் எவருமில்லை. எதிரி கடிகாரம் ஒன்றே. கிழக்கு மலைவாசியான எமக்கு இது மிகப் பிடித்துவிட்டது. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னும் இடத்தில் 1905 முதல் இத்தகைய ஓட்டம் நடந்து வருகிறது. பாதையின் நீளம் ஆயிரம் யார் மட்டுமே. அந்நாட்டு மலையேற்றங்களில் வீட்டிலிருந்து ஓட்டிச் சென்று, போட்டியில் ஏறி, அதே காரில் வீடு திரும்புவோருக்கெனத் தனி வகுப்புகள் இருக்கின்றன.

அதே காரில் வீடு திரும்புதல்: எம் ஆராய்ச்சியெல்லாம் இந்த நான்கு சொற்களில் வந்து நின்றது. மருமகனிடம் இருப்பது ஒரு கார். திங்கட்கிழமை அதே காரில் அவன் வேலைக்குப் போக வேண்டும். தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். புகைப் பரிசோதனையிற் தேறி வருமான அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். மேல் வகுப்புக்காகக் காரை மாற்ற மாற்ற அது வீதிக்கு அந்நியமாகும். இறுதியில் போட்டிக்கு லொறியில் ஏற்றிச் செல்ல வேண்டிய பொருளாகிவிடும். அதன் பின் அவன் பஸ்ஸிலேதான் வேலைக்குப் போவான். ஆகவே, மாற்றம் மிகக் குறைந்த வகுப்பு, மலையேற்றம், வீதி டயர் என்று நாம் தீர்ப்புரைத்தோம்.

“அந்த வகுப்பில் வென்றால் யாருக்குத் தெரியும், மாமா?” என்றான்.

“உன் வகுப்பிலுள்ள ஏனையோருக்குத் தெரியும்” என்றோம்.

சில நிபந்தனைகளையும் விதித்தோம். திறந்த கார் கவிழ்ந்தால் துணிக் கூரை தலையைக் காக்காது. எனவே ஆசனங்களுக்குப் பின்னே வலிய இரும்பு வளையம் பொருத்துதல் வேண்டும். தலைக்கவசம், கையுறை முதலியன இரவல் வாங்கப்படலாகா. காப்புறுதிப் பத்திரத்தை எழுத்தெண்ணி வாசித்தல் வேண்டும். போட்டியில் நேரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்ற வரி பெரும்பாலான பத்திரங்களிற் சிறிய எழுத்தில் இருக்கும். அவன் வாசித்தான்; இருந்தது. பிரேக் எண்ணெயும் பிரேக் கட்டைகளும் புதிதாக்கப்பட வேண்டும் என்பது அவனே சேர்த்துக்கொண்ட நிபந்தனை. ஏறும்போது எஞ்சின் உழைக்கும், இறங்கும்போதுதான் பிரேக் வேகும் என்று அவன் விளக்கினான். ஹாலிஎலக்காரனுக்கு அதை ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதற் பருவத்தில் ஓடாமல், பாதையோரப் பணியாளருக்கு உதவியாக நின்று கொடி பிடித்துப் பழகுவதாகவும் அவன் தானாகவே சொன்னான். தியத்தலாவையில் இறந்த நால்வரைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக எம்மிடம் பேசினான். மஞ்சட் சைகை காட்டப்படும்போது உள்ளே இருக்கும் சாரதிக்கு அது எப்படித் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதை வெளியில் நின்று அறியாமல் ஓடுவதற்குத் தனக்கு மனமில்லை என்றான். நாம் எதுவும் பேசவில்லை.

இச்செய்தியைத் தமக்கையாரிடம் பக்குவமாகச் சொன்னோம். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. “ஓடுகிறவனுக்காவது சுற்றி இரும்பு இருக்கிறது. கொடி பிடிக்கிறவனுக்கு என்ன இருக்கிறது, தம்பி?” என்று கேட்டார். எவ்வளவு யோசித்தும் அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. வளைவின் வெளிப்புறத்தில் நிற்காமல், உட்புறத்தில் உயரமான மண்மேட்டின் மேல் நிற்பதென்றும், அவ்விடத்தை முதலில் தாம் வந்து பார்ப்பதென்றும் தாயும் மகனும் ஓர் உடன்படிக்கைக்கு வந்துள்ளனர்.

மேலும் ஒன்றை அவர் கேட்டார். மலையேறி முடிக்க எவ்வளவு நேரம் செல்லும் என்று. மணிக்கணக்கில் அல்ல, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றான் மகன். “இதற்கா இவ்வளவு செலவு?” என்றவர், இரும்பு வளையத்துக்குப் பண்டாரவளைக் கராஜ்காரர் கேட்ட தொகையைக் கேள்வியுற்றதும், தாமே நேரிற் சென்று விலை பேசப் போவதாக அறிவித்திருக்கிறார். வரும் சனிக்கிழமை மூவரும் செல்கிறோம். காரில் இரண்டே ஆசனமாதலால் நாம் பஸ்ஸில்.