நாம் எந்தச் சேரி?

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். சென்ற வைகாசியில் மாணவர் ஐவருடன், 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைச் சிற்றூர் ஒன்றை அடைந்தேன். கண்ணகியம்மன் கோயிலின் முன்னே மணல்வெளி. மருத நிழலில் முதியவர் ஒருவர்.

"இந்த வெளியிலதான் தம்பி, அந்த நாளையில கொம்பு முறிச்ச நாங்க" என்றார்.

மாணவர் விழித்தனர். கொம்புமுறி என்பது கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த விளையாட்டு. ஊரார் இரண்டு அணியாவர். வடசேரியார் கோவலன் பக்கம், தென்சேரியார் கண்ணகி பக்கம். அணி அவரவர் விரும்பித் தேர்வதன்று, குடிவழியாக வருவது. உறுதியான மரக்கவர் இரண்டைக் கொக்கிபோல் மாட்டி, ஒன்றை நிலத்தில் நட்ட கட்டையிற் பிணித்து, மற்றதை வடங்கொண்டு இழுப்பர். எவருடைய கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். வென்றவர் வசைபாடி ஆர்ப்பரிப்பர். சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தின் பெயரால் 'அங்கெலிய' என்று இதனை ஆடினர். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984 இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

"எங்கட அப்பா தென்சேரி, அம்மா பிறந்த வீடு வடசேரி. கொம்பு நாளில அம்மா சோறு போடுவா, கதைக்கமாட்டா" என்று முதியவர் நகைத்தார்.

"தோற்றவர் என்ன செய்வார் ஐயா?" என்று மாணவன் ஒருவன் வினவினான்.

"என்ன செய்யிற மனே? மழை கேட்டுத்தானே ஆடின நாங்க. மழை ரெண்டு சேரி வயலுக்கும்தானே பெய்யும்!"

மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் அம்மனின் சினந்தணிய ஆடிய ஆட்டம் அது. பகை வடத்தளவில் நின்றது. பயன் ஊர் முழுவதற்கும் உரியதாயிற்று. இன்று ஊர்தோறும் அணிவகுத்த அச்சேரிகள் இல்லை. எதிரணி கலைந்தால் நம் அணியும் கலைந்தது என்பதே பொருள்.

திரும்பும் வழியில், "ஐயா, நீங்கள் எந்தச் சேரி?" என்று ஒரு மாணவி கேட்டாள். சிலப்பதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்த நான் விடையறியாது நின்றேன். தந்தையார் இருந்த காலத்தில் கேட்கத் தோன்றவில்லை. அன்றிரவே முதிய மாமனாரிடம் தொலைபேசியில் வினவினேன். "தென்சேரி. இவ்வளவு காலமும் ஏன் கேட்கல்ல?" என்றார்.

மறுவாரம் மாணவர் மூவர் விடையுடன் வந்தனர். மற்றை இருவர் வீட்டிலோ சொல்லுதற்குரிய முதியவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

வாசகரே, உங்கள் வீட்டில் முதியவர் இருப்பின், இன்றே கேட்டுவிடுங்கள்.