பொருநைக் கரையோரம் – 4: ஐப்பசித் தட்டான்கள்

அம்பாசமுத்திரத்தில் இரவெல்லாம் மழை. குளிர்நாடுகளில் இலை பழுத்து உதிரும்போது தட்டான்களின் ஆண்டும் முடிவை நெருங்கிவிடும். நம் தெற்கில் கதை வேறு. புரட்டாசி, ஐப்பசியில் பள்ளமெல்லாம் நீர் நிற்கிறது, தட்டான்கள் பெருகுகின்றன. இந்தப் பயணத்துக்குக் கூதிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டும். தட்டானுக்கு அந்த அவசரம் இல்லை. சிறகுத் தசைகள் வெயிலில் சூடேறினால்தான் அது நன்றாகப் பறக்கும். ஒன்பது மணிக்கு மேல், மேகம் விலகியபின் பாபநாசம் போய்ச் சேர்ந்தேன்.

படித்துறையில் கூட்டம். பரிகாரத்துக்கு வந்தவர்கள் ஆற்றில் விட்ட துணிகள் கல்லிடுக்குகளில் சிக்கிக் கிடந்தன. சோப்பு நுரைக்கு மேலே ஓரிரு சிவப்புத் தட்டான்கள் மட்டும் சுற்றின. கரையோரமாக மேலே நடந்தேன். மரநிழல் கவிந்து, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் ஊசித்தட்டான்கள் தென்பட்டன.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. தட்டான் உட்காரும்போதும் சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். கண்கள் பெரியவை, பலவற்றில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஊசித்தட்டானின் உடல் மெலிந்தது. கண்கள் தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும். பெரும்பாலானவை சிறகுகளை முதுகின் மேல் சேர்த்துக்கொள்ளும்.

ஈரப் பாறையொன்றில் கறுப்பு உடலுடன் சிறிய ஆண் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டதும் அதன் கருஞ்சிறகில் செம்பும் ஊதாவும் கலந்த ஒளி எழுந்தது. ஹீலியோசைஃபா பைசிக்னேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். தீபகற்ப இந்தியாவுக்கே உரிய இனம். சற்றுத் தள்ளி நியூரோபேசிஸ் சைனென்சிஸ். அதன் பின்சிறகு விரியும் கணத்தில் மரகதப் பச்சை பளீரிடும். அது சாயம் அல்ல. சிறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம். சிறகை மூடினால் அந்த மினுக்கம் மறைந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் ஓடும் நீரும், கல்லும், கரையில் செடிகொடியும் வேண்டும். அவை இருக்கும் இடத்தில் ஆறு இன்னும் உயிரோடிருக்கிறது என்று நம்பலாம்.

இவற்றையெல்லாம் நுணுகி எழுதி வைத்தவர் எஃப். சி. ஃபிரேசர் என்ற ராணுவ மருத்துவர். இந்தியாவில் பணியாற்றிய காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் அலைந்து சேகரித்தார். 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக வந்த அவர் நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

மதியம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலுக்கு இறங்கினேன். பிசானத்துக்கு நாற்றங்கால் போட்டிருந்தார்கள். வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர், “என்ன அண்ணாச்சி, எதைத் தேடுதீக?” என்று கேட்டார். தட்டான் என்றதும் முகம் மலர்ந்தது. “அதுக தாழப் பறந்தா மழை உண்டும்னு எங்க அய்யா சொல்லுவாவ. பயிருக்கும் நல்லதுதாம். மருந்தடிச்ச வயல்ல பாருங்க, ஒண்ணு இருக்காது” என்றார்.

அவர் சொன்னதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. நாற்றுகளுக்கு இடையே குனிந்து பார்த்தபோது அக்ரியோக்னெமிஸ் பிக்மியா தென்பட்டது. 2 சென்டிமீட்டர் அளவே நீளம். ஆணின் வால் நுனி செம்மஞ்சள். இத்தனை சிறிய பூச்சி, நெல்லின் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. வரப்புப் புல்லில் நியூரோதெமிஸ் டுல்லியா ஆண்கள்: சிறகின் அடிப்பாதி கருநீலம், அதையடுத்து வெள்ளைப் பட்டை. வயல் நீருக்கடியிலும் வேட்டை நடக்கிறது. தட்டானின் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள்தான். மடித்து வைத்த கீழுதட்டை நொடியில் முன்னே நீட்டி, கொசுப்புழுவைக் கவ்விவிடும். கொசுவை ஒழிக்கிறோம் என்று தேங்கிய நீரிலெல்லாம் மருந்து ஊற்றும்போது கொசுவைத் தின்னும் உயிரையும் சேர்த்தே கொல்கிறோம்.

நாங்குநேரி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில், தேநீர் குடிக்க நிறுத்திய காரின் மேல் மஞ்சள் தட்டான் ஒன்று வாலைத் தட்டித் தட்டிப் போனது. பளபளப்பான பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி நீர்ப்பரப்பு என்று அதை நம்ப வைத்துவிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்து போகும். ஆனால் பக்கத்திலேயே, சாலைப் பணிக்கு மண் அள்ளிய பள்ளத்தில் மழைநீர் நின்றது. அங்கும் அவை முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பாண்டாலா ஃபிளாவெசென்ஸ் என்னும் இந்த இனத்துக்கு அத்தகைய தற்காலிகக் குட்டையே போதும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு 40 நாள் அளவிலேயே வளர்ந்து, குட்டை வற்றுவதற்குள் சிறகு முளைத்துக் கிளம்பிவிடும்.

அதே இனத்தைத்தான் மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் திரளாகப் பார்த்தேன். தலைக்கு மேலே அடுக்கடுக்காக, உட்காராமல், காற்றில் மிதந்து இரை பிடித்துக்கொண்டிருந்தன. பின்சிறகின் அடிப்பகுதி அகலமானது. சிறகடிக்காமலே நெடுநேரம் மிதக்க அது உதவுகிறது.

மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்தப் பவளத்தீவுகளின் நிலப்பரப்பில் நன்னீர் அநேகமாக இல்லை. பிறகு ஆண்டுதோறும் அக்டோபரில் இத்தனை தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன? பல ஆண்டுகள் குறிப்பெடுத்து 2009இல் அவர் விடையை முன்வைத்தார். இந்தியாவிலிருந்து புறப்படும் இவை, உயரத்தில் வீசும் வடகிழக்குக் காற்றில் ஏறி, மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. அங்கே அப்போது பெய்யும் மழையில் முட்டையிடுகின்றன. பின்வரும் தலைமுறைகள் தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியா திரும்புகின்றன. நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் இந்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை நீளும் என்பது அவர் கணக்கு. மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் சிறகிலுள்ள ஹைட்ரஜனை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வும், அவை தொலைவடக்கில் வளர்ந்தவை என்றே காட்டியது. அதே பருவத்தில் இந்தியாவைக் கடந்து ஆப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறுகள் கடல்மேல் இவற்றைத் தின்றே பசியாறக்கூடும் என்றும் ஆண்டர்சன் எழுதினார்.

கண்டம் தாண்டும் இந்தப் பயணத்துக்கு வேண்டியது காற்றும், வழிநெடுகச் சில வாரம் நிற்கும் மழைநீரும்தான். நாம் பெருங்குளங்களைக் காக்கப் பேசுகிறோம், அது வேண்டியதே. ஆனால் ஊருக்கு வெளியே நிற்கும் ஊருணி, வயலோர வாய்க்கால், பெயரில்லாத பள்ளம் இவற்றை மண் கொட்டி மூடுவதைத் தட்டிக் கேட்க ஆளில்லை. குளக்கரை முழுக்கக் கான்கிரீட் பூசிவிட்டால், நீரிலிருந்து ஏறி வந்து தோலுரிக்க ஒரு புல்தண்டுகூட இராது. கரையில் கொஞ்சம் கோரையும் சம்பும் விட்டுவைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஊராட்சியும் இதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

மழை நின்ற மறுநாள், வெயில் ஏறியபின், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளத்தருகே போய் நில்லுங்கள். வாலில் நூல் கட்டி விளையாடிய காலம் போகட்டும். எத்தனை வகை வருகின்றன என்று அவர்கள் எழுதி வைக்கட்டும். அடுத்த ஐப்பசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அடுத்த பகுதியில் கூந்தன்குளம்.