காற்றின் விலை

உலகில் விலையின்றிக் கிடைக்கும் பொருள் யாதெனில் காற்று என்று உடனே விடை பகர்வோம். மூச்சு விடும் அளவிற்கு அது மெய்யே. ஆனால் அக்காற்றைப் பிடித்து, நெருக்கி, அதனிடம் வேலை வாங்க முற்பட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பது தெரியவரும். பாய்க்கப்பல் செலுத்திய நம் முன்னோர் இதனை நன்கறிவர். பாயைப் பெரிதாக்க எண்ணியவன் முதலில் மரத்தின் உறுதியைத்தான் சோதிப்பான். ஷார்ஜாவில் ஒரு கார்ப் பட்டறையில் பல்லாண்டுகள் பணிபுரிந்த எனக்கு அதே பாடத்தைக் கற்பித்தவை டர்போ எனும் கருவிகள்.

அக்கருவியின் தத்துவம் எளியது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எனவே எஞ்சினின் வலிமை, அது உள்ளிழுக்கும் காற்றைப் பொறுத்தது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் புதுக்காற்றை நெருக்கி உள்ளே தள்ளினால் என்ன? இவ்வெண்ணத்திற்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், ஏறத்தாழ 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைமீது ஒரு விமான எஞ்சினை ஏற்றிச் சென்று, மெலிந்த காற்றிலும் டர்போவால் அது வலிமை குன்றாது இயங்குவதை மெய்ப்பித்தார். பின்னரே கார்களுக்கு இது வந்தது. 1981இல் அறிமுகமான மஸராட்டி பைடர்போ, இரட்டை டர்போவுடன் சந்தைக்கு வந்த முதல் காராகும். ஒரு பெரிய டர்போவைக் காட்டிலும் இரு சிறியவை விரைவில் சுழலத் தொடங்கும் என்பதே இரட்டையின் நோக்கம்.

எங்கள் பட்டறைக்கு ஒரு நாள் இருபத்திரண்டு வயது அரபு இளைஞர் ஒருவர் தம் நிஸான் ஜி.டி.ஆர். காருடன் வந்தார். 2007இல் வெளிவந்து 2025இல் உற்பத்தி நின்றுபோன மாடல் அது. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், பக்கத்திற்கொன்றாக இரண்டு டர்போ. தொடக்க கால வண்டிகளுக்கு 480 குதிரைத்திறன். ஒவ்வோர் எஞ்சினையும் ஒரே கைவினைஞர் தம் கையாலேயே பொருத்திய பெருமை அதற்குண்டு. அவ்விளைஞருக்கோ அது போதவில்லை. பெரிய டர்போக்கள் இரண்டைப் பெட்டியோடு கொணர்ந்து, "உஸ்தாத், இவற்றை மாட்டிவிடுங்கள், வேறெதையும் தொட வேண்டாம்" என்றார்.

எஞ்சினைத் திறக்காமல் பெரிய டர்போவை மாட்டலாம், தடையில்லை. ஆனால் நெருக்கிய காற்று சூடேறும். அதைத் தணிக்கும் இன்டர்கூலர் ஈடுகொடுக்க வேண்டும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிக வேண்டும். பம்பும் இன்ஜெக்டரும் அதனைத் தர வேண்டும். தராவிடில் கலவை வறண்டு, வெப்பம் ஏறி, வெடிப்பு நேரந்தவறி நிகழும், பிஸ்டன் உடையும். எல்லாம் சரியாயிருப்பினும், பிஸ்டனின் உதையைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஓரெல்லைக்கு மேல் வளைந்துவிடும். அவற்றை மாற்றவோ எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டும். டர்போவின் விலைக்கு மேலாகவும் செலவாகும்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். இளைஞர் முகம் சுளித்தார். என்னுடன் பணியாற்றிய நம்மூர்த் தம்பி தனியே வந்து, "காக்கா, காசு கொடுப்பவர் கேட்டதைச் செய்து கொடுத்தால் போதாதா? நாம் மறுத்தால் அடுத்த பட்டறையில் செய்துவிடப் போகிறார்கள்" என்றான். நியாயமான கேள்விதான். "தம்பி, அடுத்தவன் தைத்த பாய் கிழிந்தால் அவன் பாடு. நம் கையால் தைத்ததற்கு நாம்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்றேன்.

மறுநாள் அவ்விளைஞரின் தந்தை தனியே வந்தார். எத்தனை குதிரைத்திறன் கூடும், எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்றெல்லாம் அவர் வினவவில்லை. "இது எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று மட்டும் கேட்டார். அத்தனை ஆண்டுகளில் வேகத்தைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நிற்பதைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே. வேகம் இருமடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் 40 மீட்டரில் நிற்கும் வண்டி, 200இல் நிற்க 160 மீட்டர் கேட்கும். டர்போ இக்கணக்கை மாற்றாது. இதனை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மகனுக்கும் இதையே சொல்லுங்கள், நான் சொன்னால் கேளான்" என்றார்.

இறுதியில் ஓர் உடன்பாட்டிற்கு வந்தோம். டர்போவுடன் பம்பு, இன்ஜெக்டர், இன்டர்கூலர், பிரேக் பேடுகள் ஆகியவற்றையும் மாற்றுவது. ராடுகளை மாற்றும் வரையில் அவை தாங்கும் அளவிற்குமேல் காற்றழுத்தத்தை ஏற்றாதபடி கம்ப்யூட்டரில் வரம்பு கட்டுவது. "பெரிய டர்போவை மாட்டிவிட்டு அதைக் கட்டியும் போடுவதா?" என்று நகைத்தார் இளைஞர். "ஆம், பெரிய நாய்க்குத்தான் சங்கிலி" என்றேன்.

வேலை ஒரு வாரத்திற்கும் மேலாக நீடித்தது. தீயில் வெந்து இறுகிய போல்ட்டுகளை ஒடியாமல் கழற்றுவதே ஒரு கலை. எண்ணெயிட்டு, இரவு முழுதும் ஊறவிட்டு, மெல்ல அசைக்க வேண்டும். புது டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆதலால் முதன்முறை தீப்பொறி கொடுக்காமல் எஞ்சினைச் சுழலவிட்டு, எண்ணெய் அங்கு சென்றடைந்த பிறகே இயக்க வேண்டும். கடும் ஓட்டத்திற்குப் பின் உடனே அணைத்தலும் ஆகாது. சிறிது நேரம் மெல்ல ஓடவிட வேண்டும். இன்றேல் தேங்கிய எண்ணெய் சூட்டில் கருகிக் கட்டியாகும்.

சாவியைக் கொடுக்கும்போது அவரிடம் நான் வேண்டியது ஒன்றே: இதன் முழு வேகத்தைப் பார்க்க வேண்டுமாயின் துபாய் ஆட்டோடிரோமுக்கோ, அபுதாபியின் யாஸ் மெரினாவுக்கோ செல்க, நெடுஞ்சாலையில் பிறர் பிள்ளைகளும் வருகின்றனர். ஒன்றரை ஆண்டு கழித்து, பணம் சேர்த்துக்கொண்டு ராடுகளை மாற்ற அவர் மீண்டும் வந்தார். எஞ்சினைப் பிரித்தபோது ஆறு ராடுகளும் நேராகவே இருந்தன.

வலிமையை வெளியிலிருந்து கொணர்ந்து மாட்டிவிடலாம், அன்பர்களே. தாங்கும் திறனை அவ்வாறு மாட்ட இயலாது. உள்ளே திறந்து, ஒவ்வொன்றாக மாற்றியே ஆக வேண்டும். பொருளாயினும், பதவியாயினும், புகழாயினும் திடீரெனச் சேர்வோர் தம் ராடுகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.