காற்றாடி மட்டும் சுழன்றது

கடந்த விடுமுறையில் கனகராயன்குளத்தில், எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து, ஒரு கணினியை என் கையாலேயே பொருத்தினேன். பணம் நானா கட்டாரிலிருந்து அனுப்பியது. மதர்போர்ட், ப்ரொசெசர், ரெம் மூன்றும் பாவித்தவை. புளியங்குளம், ஓமந்தை தாண்டி பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய், ஒரு சிறிய கடையில் வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்தவை.

அஸர் தொழுதுவிட்டு உம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டு அன்ரி எல்லோரும் சுற்றி நிற்க, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுவிட்சை அழுத்தினேன். காற்றாடிகள் சுழன்றன. சிவப்பு விளக்கு எரிந்தது. மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"பொம்பிளப் பிள்ளை இதெல்லாம் பூட்டேலுமோ எண்டு நான் அப்பவே நினைச்சனான்" என்றார் அன்ரி. அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

ஐ.சி.டி. பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொண்டேன். கணினி எழும்பியதும் முதலில் தன்னைத்தானே சோதிக்கும். ப்ரொசெசர் விழிக்க வேண்டும், பிறகு ரெம், பிறகு படம் தரும் பகுதி. இவை சரியென்றால்தான் திரையில் ஏதாவது தெரியும். 1981இல் வந்த முதலாவது ஐ.பி.எம். பீ.சி.யே இந்தச் சோதனை சரியாக முடிந்தால் ஒரு குறுகிய 'பீப்' ஒலி தந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொனிட்டர் வயரை மாற்றினேன். மொனிட்டரில் எந்த வழியாகப் படம் வரவேண்டும் என்ற தெரிவையும் பார்த்தேன். பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்துள்ள இன்டெல் ப்ரொசெசர்களுக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். என்னுடையது அந்த வகையல்ல. பிளக்கைக் கழற்றிவிட்டு ரெம்மை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, இரு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டினேன். நாணயம் போன்ற சிறிய பற்றரியைக் கழற்றி, சற்று நேரம் பொறுத்து மீண்டும் போட்டேன். பழைய கேஸிங் ஒன்றிலிருந்து குட்டி ஸ்பீக்கரையும் எடுத்து மதர்போர்டில் செருகினேன்.

பிறகு ரெம்மே இல்லாமல் இயக்கினேன். ப்ரொசெசர் உயிரோடு இருந்தால், ரெம் இல்லையென்று 'பீப்' அடித்து முறையிட்டிருக்கும். ஒரு சத்தமும் இல்லை. ஆகவே ப்ரொசெசர் விழிக்கவேயில்லை. அதுவரை நான் நினைத்தது சரிதான். பிழை அடுத்த அடியில் நடந்தது. விழிக்கவில்லை, ஆகவே செத்தது. செத்தது, ஆகவே கடைக்காரர் தெரிந்தே ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மஃரிபுக்கு முன் கடைக்காரருக்குப் போன் எடுத்துச் சூடாகக் கதைத்தேன். "கொண்டு வாங்கோ தங்கச்சி, பார்ப்பம்" என்று மட்டும் சொன்னார். அந்த நிதானமும் எனக்கு நடிப்பாகவே தெரிந்தது. அடுத்து என் வகுப்புத் தோழிக்கு எடுத்தேன். அவளுடைய நானா அதே கடையில் ஒரு கணினி வாங்கவிருந்தார். "அங்க மட்டும் வாங்க வேணாம் எண்டு சொல்லு" என்றேன்.

இஷாவுக்குப் பிறகு வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஏ9 வீதியோரம் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். தண்ணீர் மோட்டர்களோடு பழகிய கை.

"சாமான் பழுது வாப்பா. ஏமாத்திட்டாங்க."

"கரண்ட் எல்லா இடத்துக்கும் போகுதா மகள்?"

"காத்தாடி சுத்துது தானே."

"காத்தாடி சுத்தினா காத்தாடிக்குக் கரண்ட் போகுது. மத்ததுக்கு அது சாட்சி இல்லை."

பிறகு சொன்னார்: "நானும் கடைக்காரன்தான். ஒரு சொல்லில பேர் போயிடும். திருப்பி எடுக்க வருசம் போகும்."

இரவு தூக்கம் வரவில்லை. சுபஹ் தொழுததும் டோர்ச் லைட்டோடு கேஸிங் முன் உட்கார்ந்தேன். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு 24 பின் உள்ள பெரிய இணைப்பு ஒன்று போகிறது. அதை நான் பூட்டியிருந்தேன். காற்றாடிகளுக்கும் விளக்குக்கும் அது போதும். ஆனால் ப்ரொசெசருக்கென்று 12 வோல்ட் தனி இணைப்பு ஒன்று உண்டு. பென்டியம் 4 காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. சிலவற்றில் 4 பின், சிலவற்றில் 8. மதர்போர்டின் மேல் இடது மூலையில், ப்ரொசெசர் காற்றாடியின் நிழலில் நான்கு சதுரத் துளைகள் வெறுமையாக இருந்தன. அதற்குரிய வயர் கேஸிங்கின் பின்புறம், நானே அழகாகக் கட்டிவைத்த வயர்க் கட்டுக்குள் இருந்தது.

பூட்டினேன். சுவிட்சை அழுத்தினேன். 'பீப்.' திரையில் வெள்ளை எழுத்துகள். உம்மா அடுப்படியிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்குச் சந்தோஷத்தை விட வெட்கமே அதிகமாக இருந்தது.

அன்று காலை ஓதும்போது ஸூறா அல்-ஹுஜுராத்தை எடுத்தேன். அதன் 12ஆவது வசனம் முதலில் சந்தேகத்தையும், பிறகு துருவி ஆராய்வதையும், அதன் பின்பே புறம் பேசுவதையும் விலக்குகிறது. பல தடவை ஓதிய வசனம்தான். அந்த வரிசையை அன்றுதான் கவனித்தேன். முந்திய மாலை நான் இறங்கிய படிகள் அவையே.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அடுத்தமுறை போர்டை மேலயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, அஞ்சு நிமிசத்தில சொல்லுவன்" என்றார். அதுவரை நான் அவருக்கு ஒரு படம்கூட அனுப்பவில்லை, குற்றச்சாட்டைத்தான் அனுப்பியிருந்தேன்.

தோழியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நானா வேற இடத்தில காசு கட்டிட்டார். நீ சொன்னதை இன்னும் ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்கார்" என்றாள். அந்த இருவரின் இலக்கங்களையும் வாங்கி, உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுக்கும் போன் எடுத்தேன். ஒருவர் நன்றி சொன்னார். மற்றவர் எடுக்கவேயில்லை, செய்தி அனுப்பிவைத்தேன்.

இதை வாசிக்கும் சகோதரிகள் யாராவது கணினி பொருத்தி, காற்றாடி சுழன்றும் படம் வராவிட்டால், பிளக்கைக் கழற்றிவிட்டு முதலில் அந்த மேல் மூலையைப் பாருங்கள். பிறகு ரெம், பிறகு மொனிட்டர் வயர். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். கரண்டைக் கழற்றிய பின்பும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இந்தக் கட்டுரையை அந்தக் கணினியில்தான் தட்டச்சுச் செய்கிறேன். போன் எடுக்காத அந்த மனிதர் என் செய்தியைப் பார்த்தாரா என்று இன்னும் தெரியவில்லை.