ஒளிபுகும் நேரம்

கூகுள் நாட்காட்டியைக் கோப்பாக இறக்கி நோட்பேடில் திறந்தால் உள்ளே இருப்பது வெறும் எழுத்து. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தொடக்க வரி, ஒரு முடிவு வரி, நடுவில் தலைப்பும் நேரமும். இதற்கு ஐகாலண்டர் என்று பெயர். 1998-இல் வகுத்து 2009-இல் திருத்திய தரநிலை. அவுட்லுக், தண்டர்பேர்ட், ஆப்பிள் எல்லாமே இதைப் படிக்கும்.

அதில் ஒரு வரியில் என் கண் நின்றது. அந்த வரியில் இரண்டு சொற்களில் ஒன்றுதான் வரலாம்: 'ஒபேக்' அல்லது 'டிரான்ஸ்பரன்ட்'. பள்ளி அறிவியல் பாடத்தின் ஒளிபுகாப் பொருள், ஒளிபுகும் பொருள்தான். ஒளிபுகா நிகழ்வு நேரத்தை அடைத்துக்கொள்ளும்; பார்ப்பவருக்கு நீங்கள் 'பிஸி'. ஒளிபுகும் நிகழ்வும் நாட்காட்டியில் இருக்கும், ஆனால் நேரம் பிடிக்காது. அதை ஊடுருவிப் பார்ப்பவருக்கு நீங்கள் 'ஃப்ரீ'. ஆண்டுதோறும் வரும் ஓர் இனிய ஆண்டு நாளைத் தரநிலை ஆவணமே ஒளிபுகும் நிகழ்வுக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. அன்றைக்குக் கேசரி கிண்டுவது யார் என்று எழுத அதில் இடமில்லை.

பெண்கள் வீட்டு வேலையை நாட்காட்டியில் எழுதுவதே அரிது. எழுதினாலும் 'அத்தைக்கு பிசியோதெரபி' என்று முழுநாள் குறிப்பாகத்தான் போடுவோம். முழுநாள் நிகழ்வைக் கூகுள் இயல்பாகவே 'ஃப்ரீ' என்று கொள்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் எங்கள் துறைக் கூட்டம் மாலை நாலரைக்கு வந்து உட்கார்ந்தது.

கோடை விடுமுறையில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் கற்றேன். ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும். எதையும் நிறுவ வேண்டாம், காசும் இல்லை. நேரம் குறித்துவிட்டால் மடிக்கணினி மூடியிருந்தாலும் இரவில் தானே ஓடும். ஒரு தடவைக்கு 6 நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடுவார்கள். சமையலறைக்கு அப்படி யாரும் வரம்பு வைக்கவில்லை. என் முதல் நிரல் இருபது வரி: 'வீடு' என்று தொடங்கும் முழுநாள் குறிப்புகளைத் தேடி, அவற்றில் நான் எழுதிய மணியை எடுத்து, தொடக்கமும் முடிவும் உள்ள நிகழ்வாக மாற்றும். நேரம் அடைபடும்.

இரண்டாவது நிரல் மின்னஞ்சலுக்கு. வரவேற்புரை, நன்றியுரை, தொகுப்புரைக்கு அழைக்கும் கடிதங்களுக்கு ஒரு முத்திரை. சிறப்புரை, தலைமையுரைக்கு இன்னொன்று. இங்கே இலக்கணம் கைகொடுத்தது. 'நன்றியுரைக்கு', 'நன்றியுரையை' என்று வேற்றுமை உருபு ஏறிவிடுவதால் முழுச்சொல்லாகத் தேடிப் பயனில்லை. பகுதியைத்தான் தேட வேண்டும். சொல் எல்லை காண ஜாவாஸ்கிரிப்டில் உள்ள குறியீடு தமிழெழுத்தை எழுத்தாகவே எண்ணாது. 'தொகுப்புரை'யில் வேறு சிக்கல்: 'தொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'நார்மலைஸ்' என்றொரு கட்டளை இரண்டையும் ஒன்றாக்குகிறது. அதைக் கண்டுபிடித்த இரவு, பாடவேறுபாடு தீர்த்த பதிப்பாசிரியரின் மகிழ்ச்சி எனக்கு.

ஓராண்டு ஓடவிட்டேன். முதல் முத்திரையின் கீழ் கடிதங்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தன. இரண்டாவதின் கீழ் ஒன்றே ஒன்று: மார்ச் 8, மகளிர் நாள்.

நாலரைக் கூட்டத்துக்கு இப்போது நான் 'பிஸி'. "என்ன வேலை, மேடம்?" என்றார் துறைத் தலைவர். சொன்னேன். "அது வீட்டு விஷயமாச்சே." நாட்காட்டிக்கு அந்த வேறுபாடு தெரியாது சார் என்றேன். கூட்டம் மூன்று மணிக்கு நகர்ந்தது.

பிசியோதெரபி நிகழ்வில் கணவரையும் விருந்தினராகச் சேர்த்தேன்; அவருடைய அம்மாதானே. ஆம், இல்லை, ஒருவேளை என்று மூன்று விடைகள் உண்டு. அவர் 'ஒருவேளை'யை அழுத்தினார். 'ஒருவேளை' வந்தால் ஒவ்வொரு காலையும் நினைவூட்டல் போகும்படி நான்கு வரி சேர்த்தேன். ஒன்பதாம் நாள் 'ஆம்' வந்தது. அந்த வியாழன் நாலரைக்கு நான் நூலகத்தில் இருந்தேன்.